வீட்டுக்கு நிழல் தர்ற, அதிகம் தண்ணி கேக்காத நாட்டு மரம் எது வைக்கலாம்?

என்னைக் கேட்டா புங்கை தான். வேம்பும் நல்ல மரம்தான், ஆனா அடர்த்தியான நிழல் வேணும்னா புங்கை ஒரு படி மேல. வீட்டுக்கு மேற்கு பக்கமா வைங்க, சாயங்கால வெயில் சுவத்துல விழாது. சுவத்துலேந்து ஒரு 15 அடியாச்சும் தள்ளி இருக்கட்டும், செப்டிக் டேங்க் பக்கமே போகாதீங்க.

நான் முதல்ல பண்ண தப்ப சொல்றேன். அவசரப்பட்டு நர்சரில ஆள் உசரத்துக்கு இருந்த கன்னா பாத்து வாங்கிட்டு வந்தேன், சின்ன கவர்ல இருந்துச்சு, ரெண்டு வருஷம் ஆகியும் அப்படியே நின்னுச்சு, ஒருநாள் காத்துமழைல சாஞ்சே போச்சு. தூக்கிப் பாத்தா வேரெல்லாம் கவர் ஷேப்லயே வட்டம் வட்டமா, சாட்டை சுத்துன பம்பரம் மாதிரி இருக்கு, ஒண்ணு கூட வெளி மண்ணுக்குள்ள போகல.

அடுத்தது விதை. காய் தட்டையா இருக்கும், உள்ள பெரும்பாலும் ஒரே விதைதான். இருக்கப் போற இடத்துலயே மூணு ஊனி, நல்லா வந்த ஒண்ண மட்டும் விட்டேன். ரெண்டு வாரம் போல ஆச்சு முளைக்க. அதுக்கப்புறம் அது போன வேகம் இருக்கே!

தினமும் ஒரு மக் ஊத்துறத விட வாரம் ரெண்டு தடவ ஒரு பக்கெட் மெதுவா ஊத்துங்க, அப்பதான் வேர் ஆழமா இறங்கும். ரெண்டு மூணு கோடை தாண்டிட்டா மழைத்தண்ணியே போதும். யூரியா எல்லாம் வேணாம், பயறு குடும்பம், வேர் முடிச்சுலயே நைட்ரஜன் பிடிச்சுக்கும். பக்கக் கிளைய ஆரம்பத்துலயே மொட்டையடிக்காதீங்க, தண்டு தடிக்கறதே அந்தக் கிளைங்களாலதான்.

இலைல குட்டி விரல் முளைச்ச மாதிரி புடைப்பு வரும், பாத்து பயந்துடாதீங்க. கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை அது, மரத்துக்கு ஒண்ணும் ஆகாது, நான் தெரியாம மருந்து வாங்கி அடிச்சு காசு வேஸ்ட் பண்ணேன்.

வெயில் ஏறுறதுக்கு முன்னாடி இலை கொட்டும், மரம் போச்சுன்னு நினைப்பீங்க, கொஞ்ச நாள்லயே பளபளன்னு இளம்பச்சைல தளிர் வந்து உச்சி வெயில் காலத்துக்கு முழு நிழல் ரெடியாயிடும். அப்புறம் பூ, கீழ பொரிய இறைச்ச மாதிரி கிடக்கும். அடியில கார் நிறுத்துறதா இருந்தா அந்த சீசன் முழுக்க தினமும் துடைக்கணும், இத மட்டும் வீட்ல முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.