கோர்ட்டுக்குள் எதற்குக் கலங்கரை விளக்கம்?

கேள்வி: சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள், கடலே கண்ணில் படாத இடத்தில், ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதன் பக்கத்துக் கோபுர உச்சியிலும் இன்னொன்று இருந்ததாம். இயற்கைத் துறைமுகம் வாய்த்த ஊரில் வெள்ளைக்காரர்கள் விளக்கைக் கொண்டுபோய்க் கோர்ட்டுக்குள் வைத்தது என்ன புத்திசாலித்தனம்? கூடவே ஒரு சந்தேகம்: பாரிமுனை, பாரி வள்ளல் பெயரால் வந்ததுதானே?
— திருவொற்றியூர் வாசகர்

பதில்: சின்னதை முதலில் முடித்துவிடுவோம். முல்லைக்குத் தேர் கொடுத்தவருக்கும் பாரிமுனைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1788-இல் மெட்ராஸ் வந்து இறங்கிய வேல்ஸ்காரர் தாமஸ் பாரியின் கம்பெனி இருந்த தெருமுனை அது. வள்ளல் இல்லை, வியாபாரி.

அடுத்து, ‘இயற்கைத் துறைமுகம்’. இதை யார் சொன்னார்கள் உங்களுக்கு? மெட்ராஸுக்கு இயற்கை கொடுத்தது நேர்கோடு போட்டதுபோல ஒரு மணற்கரை, அதில் ஓயாமல் உடையும் அலை, அவ்வளவுதான். ஒதுங்க வளைகுடா கிடையாது, கப்பல் நுழையும்படி ஆற்று வாயும் கிடையாது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இடம் வாங்கியதிலிருந்து இருநூறு வருடத்துக்கு மேல் கப்பல்கள் வெளியே ஆழத்தில் நங்கூரம் போட்டே நின்றன. ஆளும் மூட்டையும் கரைக்கு வந்தது மசூலாப் படகில். அந்தப் படகில் ஓர் ஆணி இருக்காது. பலகைகளை ஓரத்தில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த கப்பல் படகு, அலை தூக்கி மணலில் போட்டால் விறைத்து நின்று பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கசியத்தான் செய்யும், இறைத்துக்கொண்டே வரவேண்டும். துணிப் பொதி நனைந்து நாசமாவதெல்லாம் இங்கே அன்றாடக் கணக்கு.

இனி விளக்கு. கடல் தெரியாத இடம் என்கிறீர்களே, அது இன்றைக்குத் தெரியாத இடம். ராஜாஜி சாலைக்குப் பழைய பெயர் ‘ஃபர்ஸ்ட் லைன் பீச்’. கடலைப் பார்த்த முதல் வரிசைக் கட்டடங்கள் அங்கேதான் நின்றன. சாலையின் கிழக்கோரத்தில் மணல், அதற்கப்பால் அலை. ‘பீச் ஸ்டேஷனில்’ இறங்கி பீச்சைத் தேடாதவர் உண்டா? பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. துறைமுகம் வந்து பீச்சை விழுங்கிவிட்டது.

நீங்கள் கோர்ட்டுக்குள் பார்த்தது இரண்டாவது விளக்கு. முதல் விளக்கு 1796-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மேல் எரிந்தது. தேங்காய் எண்ணெய், பருத்த திரி. அது போதாமல் கோட்டைக்கு வடக்கே கருங்கல்லில் ஒரு தூண் எழுப்பி 1844-இல் விளக்கேற்றினார்கள். உயரம் 125 அடி. அப்போது அங்கே உயர் நீதிமன்றமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். கோர்ட்டுக்குள் விளக்கை வைக்கவில்லை. விளக்கைச் சுற்றித்தான் கோர்ட் வந்தது. 1892-இல் கோர்ட் கட்டடம் திறந்தபோது அதன் பெரிய கோபுரம் தூணைவிட உயர்ந்து நின்றது. பக்கத்திலேயே பெரியவன் நிற்கும்போது சின்னவன் தோளில் விளக்கு எதற்கு? 1894-இல் ஒளி கோபுர உச்சிக்கு ஏறியது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 175 அடிக்கு.

இந்த உயரம் எதற்கு? இந்தக் கரையில் மலைமுகடு இல்லை. கடலிலிருந்து பார்த்தால் நிலம் தட்டையான ஒரு கீற்று. பூமி உருண்டை என்பதால் தாழ்ந்த விளக்கு அடிவானத்துக்குக் கீழே போய்விடும். கணக்கு சுலபம்: உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.86-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 125 அடிக்கு ஏறக்குறைய 24; 175 அடிக்கு 28. ஐம்பது அடி ஏறினால் நாலு கிலோமீட்டர்தான் லாபம். பார்ப்பவர் கப்பலின் மேல்தளத்தில் நின்றால் அவர் உயரத்துக்கும் இதே கணக்கைப் போட்டுக் கூட்டிக்கொள்ளவேண்டும். வடக்கே கடலுக்குள் கிடக்கும் பழவேற்காட்டு மணல்திட்டில் கப்பல் தட்டாமலிருக்க அந்த நாலு கிலோமீட்டரும் வேண்டியிருந்தது.

(1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு போட்டபோதும் கோர்ட் உச்சியில்தான் விளக்கு இருந்தது. பர்மா ஆயில் தொட்டிகள் எரிந்தன. கோர்ட் மதிலும் அடிவாங்கியது. அதற்கு அங்கே ஒரு கல்வெட்டு உண்டு. கப்பல் அரைமணிக்குள் போய்விட்டது. ‘அவன் பெரிய எம்டன்’ மட்டும் நம் பேச்சில் தங்கிவிட்டது.)

மெரினாவில் இன்று எரிகிற சிவப்பு வெள்ளை விளக்கு 1977-இல் வந்தது, நாலாவது. நேரில் பார்க்கக் கிளம்பினால் கோட்டையில் தொடங்கி வடக்கே நடந்து கோர்ட்டுக்கு வாருங்கள், மெரினாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், திருவொற்றியூர்க்காரர் என்பதால். 1861-இல் சரக்கு இறக்கக் கரையிலிருந்து கடலுக்குள் 1,100 அடி நீளத்துக்கு இரும்புப் பாலம் போட்டார்கள். புயல்கள் அதைச் சிதைத்தன. பிறகு கடலுக்குள் இரண்டு கற்சுவர் நீட்டினார்கள். 1881 நவம்பர் புயல் அதையும் உடைத்தது. மறுபடி கட்டி நிறுத்தினார்கள். புயலைச் சமாளித்தவர்களுக்கு மணல் பிடிபடவில்லை. நம் கரையில் வருடத்தில் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும், மீனவர் ‘தெண்டி’ என்பது இதைத்தான். அது மணலையும் உருட்டிக்கொண்டு போகும். வாடைக்காலத்தில் ஓட்டம் திரும்பினாலும் போனதில் ஒரு பங்குதான் திரும்பி வரும். குறுக்கே சுவர் எழுந்ததும் மணல் அதன் தென்புறத்தில் தேங்கியது. மெரினாவின் அகலம் அப்படி வந்தது. கூவத்தின் வாயை மணல்மேடு அடைப்பதற்கும் இதில் பங்குண்டு. கிழக்கே பார்த்த துறைமுக வாயிலும் தூர்ந்ததால், துறைமுகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை மூடி வடகிழக்கில் வேறு வாயில் திறந்தார்கள். கணிதமேதை ராமானுஜன் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதியது இவருடைய அலுவலகத்தில்தான்.

தெற்கே தேங்கியது வடக்கே வந்துசேரவேண்டிய மணல். வராததால் ராயபுரத்திலிருந்து உங்கள் ஊர் வரை கடல் கரையை அரித்தது. அரிப்பைத் தடுக்க ஓரிடத்தில் கல் கொட்டினால் அதற்கு அடுத்த வடபகுதிக்கு மணல் நின்றுபோகும், அங்கேயும் கொட்டவேண்டும். எண்ணூர் போகும் வழியெல்லாம் கடலோரத்தில் கருங்கல் குவிந்து கிடப்பது இதனால்தான். கோர்ட்டை விட்டு விலகிப் போன கடல், உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?