எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட் என்ற அமெரிக்க ராப் குழு 1998-ல் ஏன் பிரிந்தது? 18 வருடம் கழித்து எப்படி மறுபடி ஆல்பம் போட்டார்கள்?

பணத் தகராறா, ரெக்கார்டு கம்பெனியோடு சண்டையா என்று கேள்விக்குக் கீழே நீங்களே இரண்டு ஊகங்களை எழுதியிருக்கிறீர்கள். கம்பெனி மேல் அவர்களுக்குக் கசப்பு இருந்தது உண்மைதான். ஆனால் பல வருடமாக இவர்களைக் கேட்டுவருகிறவனாக எனக்குத் தோன்றுவது வேறு. இவர்களின் பாட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அரட்டை அடிக்கிற இரண்டு சிநேகிதர்களின் பாட்டு. ஒருத்தர் ஒரு ஊரிலும் இன்னொருத்தர் இன்னொரு ஊரிலுமாக ஆனபோது அது வறண்டுபோயிற்று.

எனக்கு இவர்கள் எப்படிப் பழக்கமானார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 19 வயதில் எனக்கு டைப் 1 சர்க்கரை வந்தது. ஹாஸ்டல் மெஸ்ஸில் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் எப்படியெல்லாம் போகும் என்பது மனப்பாடம். அறை நண்பன் ஒருநாள் ஹெட்போனை என் காதில் மாட்டி, "இவனும் உன் கட்சிதான்டா, கேளு" என்றான். 'ஓ மை காட்' என்ற பாட்டு. இந்தக் குழுவின் பைஃப் டாக் என்பவர் அதில் தான் ஒரு சர்க்கரைக்காரன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்கிறார். ராப்பில் தங்கச் சங்கிலியையும் காரையும் சொல்லிப் பீற்றிக்கொள்வது வழக்கம். சர்க்கரையைச் சொல்லிப் பீற்றிக்கொண்ட ஆளை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

சரி, குழுவுக்கு வருவோம். நியூயார்க்கின் க்வீன்ஸில் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற பகுதி. குழுவின் இரண்டு முக்கியக் குரல்களான க்யூ-டிப்பும் பைஃபும் அங்கே சின்னக் குழந்தைகளாக இருந்தபோதிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவர்கள். க்யூ-டிப்பின் அப்போதைய பெயர் ஜொனாதன் டேவிஸ். பின்னால் இஸ்லாத்துக்கு மாறி கமால் ஃபரீத் ஆனார். பைஃபின் பெயர் மாலிக் டெய்லர். டிரினிடாட்டிலிருந்து வந்த குடும்பம், அம்மா கவிஞர். மேன்ஹாட்டனில் படித்தபோது க்யூ-டிப்புக்குக் கிடைத்த பள்ளித் தோழர் டிஜே அலி ஷஹீத் முஹம்மது. நாலாவது ஆள் ஜரோபி வைட், முதல் ஆல்பம் முடிந்ததும் சமையல் கலை படிக்கப் போய்விட்டார். அதே பள்ளியில் படித்த ஜங்கிள் பிரதர்ஸ் என்ற ராப் குழுவினர்தான் குழுவுக்கு இந்த நீளமான பெயரை வைத்தவர்கள்.

முதல் ஆல்பம் 1990 ஏப்ரலில் வந்தது. அடுத்த மாதமே பைஃபுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அந்த ஆல்பத்தின் 'கேன் ஐ கிக் இட்' பாட்டை நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். அதன் பாஸ் (அடியில் தாழ்ந்த சுரத்தில் ஓடும் இசை), ராக் பாடகர் லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' பாட்டிலிருந்து எடுத்தது. அதற்கு ஈடாகப் பாட்டின் ராயல்டி மொத்தமும் லூ ரீடுக்குப் போயிற்று, இவர்களுக்கு ஒன்றும் வரவில்லை என்று பைஃப் பிற்பாடு சொன்னார். இதில் ஒரு கூத்து என்னவென்றால், அந்த பாஸை 1972-ல் வாசித்த ஹெர்பி ஃப்ளவர்ஸுக்குக் கிடைத்த கூலி 17 பவுண்டு. அதுவும் இரண்டு வாத்தியம் வாசித்ததால் இரட்டைக் கூலி!

அடுத்தது 1991 செப்டம்பரில் வந்த 'தி லோ எண்ட் தியரி'. ஒரே ஒரு ஆல்பம்தான் கேட்பேன் என்றால் இதைக் கேளுங்கள். முதல் பாட்டு தனியாக ஒரு டபுள் பாஸ் (ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் மாதிரியான வாத்தியம்) ஒலியோடு தொடங்கும். கொஞ்ச நேரத்துக்கு டிரம்ஸ் கிடையாது. இருட்டு அறையில் யாரோ மெல்ல நடந்து வருகிற மாதிரி அந்த பாஸும், அதன் மேல் க்யூ-டிப்பின் மூக்கடைத்த குரலும் மட்டும். ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் இசைத்தட்டு ஒன்றிலிருந்து எடுத்த துண்டு அது. மூலத்தில் மும்மூன்றாக எண்ண வேண்டிய நடை. நம் கணக்கில் திஸ்ரம். க்யூ-டிப் அதை வெட்டி, கொஞ்சம் நீட்டி, நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ரத்தில் உட்கார வைத்துவிட்டார். மூலத்தை ஒருமுறை கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள், தாளம் போடும் விரல் தானாகவே குழம்பும்.

இன்னொரு பாட்டுக்கு இசைத்தட்டிலிருந்து எடுக்காமல் ஆளையே கூட்டிவந்தார்கள். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு 60-களில் பாஸ் வாசித்த ரான் கார்ட்டர். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, கெட்ட வார்த்தை வரக்கூடாது. பையன்கள் ஒத்துக்கொண்டார்கள்.

பைஃப் நிஜமாக வெளிப்பட்டதும் இந்த ஆல்பத்தில்தான். முதல் ஆல்பத்தில் அவர் பல பாட்டுகளில் இல்லவே இல்லை. இங்கே க்யூ-டிப் தத்துவம் பேசினால் பைஃப் தெருப் பேச்சு பேசுகிறார், கூடைப்பந்து பற்றிப் பேசுகிறார், தன் குள்ளத்தைத் தானே கிண்டல் செய்கிறார். 'செக் த ரைம்' பாட்டில் ஒருத்தர் "என்னப்பா, தயாரா?" என்கிற தொனியில் கூப்பிட, மற்றவர் "எப்பவும்" என்று பதில் கொடுப்பார். எழுதிவைத்துப் படிப்பது போலவே இருக்காது. அதன் வீடியோவை அவர்கள் பகுதியின் லிண்டன் புலவார்டு தெருவில் ஒரு டிரை கிளீனிங் கடையின் மொட்டை மாடியில் எடுத்தார்கள். கீழே தெருவெல்லாம் கூட்டம்.

1993 நவம்பர் 9 அன்று 'மிட்நைட் மராடர்ஸ்' வந்தது. வூ-டாங் க்ளான் என்ற இன்னொரு பெரிய ராப் குழுவின் முதல் ஆல்பமும் அதே தேதியில்தான் வந்தது. அன்றைக்குக் கையில் காசு வைத்திருந்தவன் பாடு திண்டாட்டம்தான்.

அதற்குப் பிறகுதான் விரிசல். பைஃப் அட்லாண்டாவுக்குக் குடிபோனார். டெட்ராய்ட்டிலிருந்து ஜே டீ என்ற அபாரமான இளைஞர் பீட் (பாட்டுக்கு அடியில் ஓடும் தாள இசை) போட வந்தார், க்யூ-டிப்பின் உறவினர் கான்சிக்வென்ஸ் பாட வந்தார். 1996-ல் வந்த நாலாவது ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வெளியிலிருந்து பார்த்தால் உச்சம். உள்ளே என்ன நடந்தது என்பதை பைஃபே சொல்லியிருக்கிறார்: ரெக்கார்டிங் என்று அட்லாண்டாவிலிருந்து விமானம் ஏறி நியூயார்க் வந்து இறங்கினால், அன்றைக்கு ரெக்கார்டிங் ரத்து. அதை இவருக்குச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. பிரிவுக்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். வேண்டாத ஆளை யாரும் "வெளியே போ" என்று சொல்வதில்லை, சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

க்யூ-டிப் பக்கமும் நியாயம் உண்டு. விடிய விடிய ஸ்டுடியோவில் கிடந்து ஒரே டிரம் ஒலியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஆள் அவர். அந்த உழைப்பு இல்லாவிட்டால் ட்ரைப் இல்லை. 1998 தொடக்கத்தில் அவர் வீடு தீப்பிடித்து, சேர்த்துவைத்த இசைத்தட்டுகளும் வெளிவராத பதிவுகளும் போயின. அந்த வருடமே ஐந்தாவது ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே, பிரிகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த ஆல்பம் சுமார்தான்.

இடையில் மேடைக் கச்சேரிகளுக்காகச் சேர்ந்தார்கள், பிரிந்தார்கள். 2011-ல் இவர்களைப் பற்றி வந்த ஆவணப்படத்தில், மேடைக்குப் பின்னால் இருவரும் கைகலக்கிற நிலைக்குப் போவதைப் பார்க்கலாம். அதே படத்தில் பைஃப், தனக்கு இனிப்பு மேல் இருந்தது போதைப் பழக்கம் மாதிரி ஒன்று என்று ஒத்துக்கொள்வார். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்தி, எழுந்து போய்விட்டேன். முழுசாகப் பார்க்க மறுநாள் ஆயிற்று. 2008-ல் பைஃபுக்கு அவர் மனைவி சிறுநீரகம் கொடுத்தார். சில வருடத்தில் அதுவும் பழுதாகி மறுபடி டயாலிசிஸ்.

2015 நவம்பர் 13. முதல் ஆல்பத்தின் 25-வது ஆண்டுக்காக ஜிம்மி ஃபாலனின் டிவி நிகழ்ச்சியில் பாடினார்கள். பாரிஸில் தாக்குதல் நடந்த அதே இரவு. மேடையில் பழைய சூடு திரும்பியிருந்தது. புது ஆல்பம் போடலாம் என்று அன்றே முடிவாயிற்று. நியூ ஜெர்சியில் க்யூ-டிப்பின் வீட்டு ஸ்டுடியோவில் வேலை. அங்கே ஒரு கண்டிப்பு இருந்தது: யாராக இருந்தாலும் நேரில் வந்து பாட வேண்டும், இமெயிலில் குரல் அனுப்புகிற கதையே கிடையாது. விருந்தினர்களுக்கும் அதே சட்டம். பைஃப் கலிஃபோர்னியாவிலிருந்து, டயாலிசிஸுக்கு நடுவே, விமானத்தில் வந்து போனார். இந்தத் தடவை வந்து இறங்கியபோது ஆள் காத்திருந்தது. ஜரோபியும் திரும்பி வந்து மைக் பிடித்தார்.

ஆல்பம் முடியும் முன்பே, 2016 மார்ச் 22 அன்று, பைஃப் இறந்துபோனார். வயது 45. பாடிவைத்த குரல் இருந்தது. மற்றவர்கள் அதை வைத்து முடித்தார்கள். ஆல்பத்துக்குத் தலைப்பும் பைஃப் வைத்ததுதான். டிரம்ப் ஜெயித்த தேர்தலுக்கு மூன்றாம் நாள் வெளியாகி முதலிடம் பிடித்தது. கறுப்பர், மெக்சிகர், ஏழை, முஸ்லிம் எல்லோரும் கிளம்புங்கள் என்று கேலியாகச் சொல்லும் பாட்டு ஒன்று அதில் உண்டு. தேர்தலுக்கு முன்பே எழுதியது, ஆனால் அந்த வாரத்தில் கேட்டவர்களுக்கு அன்று காலை எழுதியது போல இருந்திருக்கும். ஆல்பம் வந்த மறுநாள் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற டிவி நிகழ்ச்சியின் மேடையில் அதைப் பாடினார்கள். பைஃபின் பங்கு வந்ததும் அவர் முகம் வரைந்த பெரிய திரை இறங்கியது, ஒலித்தது பதிவுக் குரல்.

அடுத்த வாரம் செயின்ட் ஆல்பன்ஸில் ஒரு தெருமுனைக்கு மாலிக் 'பைஃப் டாக்' டெய்லர் வே என்று பெயர்ப் பலகை வைத்தார்கள். லிண்டன் புலவார்டும் 192-ஆம் தெருவும் சந்திக்கிற முனை. மேலே சொன்ன மொட்டை மாடி அங்கேதான் இருக்கிறது.