பகுதிகள் வேறுபடும் இயற்கணிதப் பின்னங்களைக் கழிப்பது எப்படி?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் எண் பின்னங்களைப் பிழையின்றிக் கூட்டுகிறாள், கழிக்கிறாள். ஆனால் 4/(அ² − 4) − 3/(அ² − அ − 2) போன்ற கணக்குகளில், பகுதிகள் இரண்டையும் அப்படியே பெருக்கிப் பொதுப் பகுதி எடுத்துவிட்டுத் திணறுகிறாள். எப்படிச் சொல்லித்தருவது?

பதில்: பகுதிகளைப் பெருக்குவது தவறன்று, ஆனால் இந்தக் கணக்கில் அவ்வாறு செய்தால் பகுதியில் அ-வின் நான்காம் அடுக்கு வந்து சேர்ந்து, சுருக்குவது பெரும்பாடாகிவிடும். 1/6-ஐயும் 1/4-ஐயும் கூட்டும்போது 24-ஐ விட்டு 12-ஐ எடுப்பது ஏன் என்று அவரிடமே கேளுங்கள். இரண்டுக்கும் 2 பொதுக் காரணி என்று சொல்லிவிட்டாரானால், இங்கும் முதல் வேலை காரணிப்படுத்துவதுதான் என்பது அவருக்கு விளங்கிவிடும்.

அ² − 4 = (அ − 2)(அ + 2)
அ² − அ − 2 = (அ − 2)(அ + 1)

பொதுவான (அ − 2)-ஐ ஒருமுறை மட்டும் எடுத்துக்கொண்டால், மீச்சிறு பொது மடங்கு (அ − 2)(அ + 2)(அ + 1). முதல் பின்னத்தின் பகுதியில் (அ + 1) இல்லை, இரண்டாவதில் (அ + 2) இல்லை. இல்லாத காரணியால் அந்தந்தத் தொகுதியையும் பெருக்க வேண்டும். தொகுதி இப்போது 4(அ + 1) − 3(அ + 2).

விடைத்தாள் திருத்தும்போது நான் மிகுதியாகக் காணும் பிழை இந்த இடத்தில்தான் நேர்கிறது. 4அ + 4 − 3அ + 6 என்று எழுதி, அ + 10 என்று முடித்துவிடுகிறார்கள். கழித்தல் குறி 3அ-வுக்கு மட்டும் உரியதன்று, அடைப்புக்குள் இருக்கும் அனைத்துக்கும் உரியது. எனவே 4அ + 4 − 3அ − 6, அதாவது அ − 2. அடைப்பைப் போட்டு ஒரு வரி, அதைப் பிரித்து மறு வரி என்று எழுதும் பழக்கத்தை நான் வற்புறுத்துவது இதற்காகவே.

தொகுதியிலும் பகுதியிலும் உள்ள (அ − 2) நீங்க, விடை 1/((அ + 2)(அ + 1)). விடையில் தென்படாவிட்டாலும், −2, −1 ஆகியவற்றைப் போலவே 2-ம் விலக்கப்பட்ட மதிப்புதான், அதாவது கணக்கின் பகுதியைப் பூச்சியமாக்குவதால் அ-வுக்கு இடக்கூடாத மதிப்பு.

சரிபார்க்க, அ = 3 என இடச் சொல்லுங்கள். கணக்கு 4/5 − 3/4 = 1/20; விடையும் 1/(5 × 4) = 1/20. குறியைத் தவறவிட்டிருந்தால் 13/20 வந்திருக்கும்; அப்போது மேலிருந்து ஒவ்வொரு வரியிலும் 3-ஐ இட்டுப் பார்த்தால், மதிப்பு எந்த வரியில் மாறுகிறது என்பதை மகளே கண்டுபிடித்துவிடுவார்.