மார்பகப் புற்றுநோயில் விஇஜிஎஃப் (ரத்தக்குழாய்களை வளரத் தூண்டும் புரதம்) அளவு கூடியிருந்தால் நோய் கடுமையானது என்று பொருளா? மருத்துவர்கள் ஏன் அதைப் பரிசோதிப்பதில்லை?

நோய்க்குறியியல் ஆய்வகத்தில் நுண்ணோக்கியோடு பொழுதைக் கழிப்பவன் நான். பல நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தால், ஓரளவு ஆம். ஆனால் ஒருவருக்கு வந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய நோய் எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது.

கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளர வேண்டுமானால் அதற்கு ரத்த ஓட்டம் வேண்டும். உள்ளே ஆக்சிஜன் குறைந்ததும் புற்றுச் செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அருகிலுள்ள ரத்தக்குழாய்கள் கட்டியை நோக்கிக் கிளைவிடுகின்றன. கட்டிகள் இப்படி ரத்தக்குழாய்களை நம்பித்தான் வளர்கின்றன என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் எழுதினார். 1991-இல் நோய்க்குறியியலாளர் வெய்ட்னரும் அவரும் சேர்ந்து 49 பேரின் மார்பகக் கட்டிகளில் நுண்ணிய குழாய்களை எண்ணினார்கள். நோய் பரவியிருந்த 30 பேரிடம் ஒரு பார்வைப்புலத்துக்கு, அதாவது நுண்ணோக்கியில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டத்துக்கு, சராசரியாக 101 குழாய்கள். பரவாத 19 பேரிடம் 45. இந்த இடைவெளியைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? பின்னர் கட்டியிலேயே விஇஜிஎஃப்பை அளந்த ஆய்வுகள் பலவும் அதே திசையைக் காட்டின. சில காட்டவில்லை.

சிக்கல் அளப்பதில்தான். குழாய்ச் சுவரின் செல்கள் பழுப்பாகத் தெரியும்படி ஸ்லைடைச் சாயமேற்றி, குறைந்த உருப்பெருக்கத்தில் குழாய்கள் மிக நெருங்கிய இடத்தைத் தேட வேண்டும். பிறகு உருப்பெருக்கத்தைக் கூட்டி எண்ண வேண்டும். எந்த இடம் 'மிக நெருங்கியது' என்பதிலேயே இருவருக்கு இரண்டு கருத்து இருக்கும். தனியாக நிற்கும் ஒற்றைப் பழுப்புச் செல்லையும் ஒரு குழாயாகக் கணக்கிடலாம் என்பது விதி. அங்கே இன்னொரு சண்டை.

ரத்தத்தில் அளந்தால் இன்னும் மோசம். தட்டணுக்களுக்குள்ளேயே விஇஜிஎஃப் நிறைய இருக்கிறது. சோதனைக் குழாயில் ரத்தம் உறையும்போது அவை அதை வெளியே கொட்டிவிடுகின்றன. ஆகவே சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் திரவம்) வரும் எண், பிளாஸ்மாவில் (உறையவிடாமல் பிரித்த திரவம்) வருவதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். ஆறிக்கொண்டிருக்கும் அறுவைக் காயமும் இந்த அளவைக் கூட்டும். அந்த நிலையில் வந்த எண்ணைப் பார்த்துக் கலங்குவதில் பொருளே இல்லை.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு சோதனையின் முடிவு சிகிச்சையை மாற்ற வேண்டும். விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிஸுமாப் மருந்து, முற்றிய மார்பகப் புற்றுநோயில் பாக்லிடாக்செல் என்ற கீமோதெரபி மருந்துடன் சேர்ந்து, நோய் மோசமாகாத காலத்தை 5.9 மாதத்திலிருந்து 11.8 மாதமாக நீட்டியது. ஆயுளை நீட்டியதாக நிரூபணமாகவில்லை. 2008-இல் அமெரிக்காவில் இதற்குக் கிடைத்த அனுமதி 2011-இல் திரும்பப் பெறப்பட்டது. விஇஜிஎஃப் கூடுதலாக உள்ளவர்களுக்காவது மருந்து அதிகம் உதவுமா என்று பார்க்கவே மெரிடியன் என்றொரு ஆய்வு நடந்தது. பிளாஸ்மா அளவைக் கொண்டு அப்படிப் பிரித்தறிய முடியவில்லை.

ஆகவே அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியவை கட்டியின் அளவு, தரநிலை (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது), அக்குள் நிணநீர்க்கணுக்களின் நிலை, ஈஸ்ட்ரோஜன் மற்றும் புரோஜெஸ்ட்டிரோன் ஏற்பிகள், ஹெர்-2 என்ற புரதம் ஆகியவைதாம். செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67 பற்றியும் எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு. ஆனாலும் அது விஇஜிஎஃப்பைவிட எவ்வளவோ மேல்.