எபிக்டெட்டஸ் சொன்னது புரிகிறது, படபடப்பு ஏன் குறையவில்லை?

கேள்வி: "நம்மைக் கலங்கடிப்பது நடப்பவை அல்ல, அவற்றைப் பற்றி நாம் கொள்ளும் கருத்துதான்" என்ற பண்டைய கிரேக்கத் தத்துவஞானி எபிக்டெட்டஸின் வாக்கைத் தினமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் மேலதிகாரி "நாளை காலை வந்து பாருங்கள்" என்று செய்தி அனுப்பினால் போதும், நெஞ்சு படபடக்கிறது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் சிபிடி (CBT) என்ற உளவியல் சிகிச்சைக்கும் இதுதான் வேர் என்கிறார்களே?

பதில்: வேர் அதுதான். 1950களில் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் சிகிச்சை முறையை இந்தக் கருத்தின் மேல்தான் கட்டினார். சிபிடியை உருவாக்கிய ஆரன் பெக்கும் எபிக்டெட்டஸ் போதித்த ஸ்டோயிக் தத்துவத்துக்குத் தான் பட்ட கடனை ஒப்புக்கொண்டவர். நீங்கள் சொல்லும் வாக்கு எபிக்டெட்டஸின் கையேட்டில் 5ஆம் பகுதி. முதல் பகுதியிலேயே செய்முறை இருக்கிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: மனதை உறுத்தும் எண்ணம் வந்தால், "நீ வெறும் தோற்றம்" என்று அதனிடம் சொல், பிறகு அதைச் சோதித்துப் பார். சோதனையை விட்டுவிட்டு வாக்கை மட்டும் ஜபித்தால் படபடப்பு அசையாது.

சோதனையைத் தாளில் செய்யுங்கள். முதலில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: "மாலை 6 மணிக்குச் செய்தி வந்தது." பதற்றத்துக்கு நூற்றுக்கு எத்தனை? 80 என்று வையுங்கள். அடுத்தது எண்ணம். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். "பயமாக இருக்கிறது" என்பது உணர்ச்சி. "எதற்குக் கூப்பிடுகிறார்?" என்பது கேள்வி, கேள்வியைச் சோதிக்க முடியாது. "என்னை வேலையை விட்டு நீக்கப் போகிறார்" என்று முடிந்த வாக்கியமாக்குங்கள். அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதற்கும் ஓர் எண் கொடுங்கள்.

இனி இரண்டு பக்கச் சான்றுகள். "செய்தி சுருக்கமாக இருந்தது" என்பது சான்று. "கோபமாக இருக்கிறார்" என்பது உங்கள் ஊகம், அடித்துவிடுங்கள். எதிர்ப்பக்கத்தில், இதற்கு முன் இப்படிக் கூப்பிட்டபோது என்ன நடந்தது என்று எழுதுங்கள். கடைசியில் "எல்லாம் நல்லபடி நடக்கும்" என்று எழுதிவிடாதீர்கள், மனம் அதை நம்பாது. "காரணம் தெரியவில்லை, வேலை விஷயமாகவும் இருக்கலாம்" போதும். மறுபடி எண் போடுங்கள். 80 என்பது 55 ஆனாலே பலன்தான்.

படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது எழுத உட்காராதீர்கள். கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். வரக்கூடிய கெடுதலை முன்கூட்டியே நினைத்துப் பார்க்கும் ரோமானிய ஸ்டோயிக் தத்துவஞானி செனிகாவின் பயிற்சியைப் படுக்கையில் செய்தால் அது வெறும் கவலையாகிவிடும். பகலில் 10 நிமிடம், "அப்படி நடந்தால் முதலில் என்ன செய்வேன்" என்ற பதிலோடு நிறுத்துங்கள்.

தூக்கமோ வேலையோ இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் மனநல நிபுணரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தாளும் பேனாவும் வேண்டாம், அன்றே போங்கள்.