கட்டடத்துக்குள் இடம் கண்டுபிடிக்கும் புராஜெக்ட், வேலைக்கு உதவுமா?

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. மகள் கடைசி வருடப் புராஜெக்டுக்கு, வயர்லெஸ் சென்சார்களை வைத்துக் கட்டடத்துக்குள் ஓர் ஆளோ பொருளோ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை எடுத்திருக்கிறாள், வேலை விளம்பரங்களில் அந்தப் பெயரையே காணோம், வேறு தலைப்புக்கு மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். அந்தப் பெயரில் தேடினால் அதிகம் கிடைக்காதுதான். எம்பெடெட் (கருவிக்குள் பதிக்கும் சிறு கணினி), ஐஓடி (இணையத்தோடு இணைந்த கருவிகள்), சிக்னல் பிராசசிங் (சிக்னலை அலசும் வேலை), ரோபாட்டிக்ஸ் என்று தேடிப் பாருங்கள், இந்தப் படிப்புக்கான வேலை அங்கேதான் இருக்கிறது.

ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. தரையைத் தொடும்போதே மெலிந்துபோயிருக்கும், கான்கிரீட்டைத் தாண்டி உள்ளே வந்தாலும் நம்ப முடியாது. மருத்துவமனையில் அவசரத்துக்குத் தேடும் வென்டிலேட்டர் எந்த வார்டில் நிற்கிறது, சுரங்கத்துக்குள் போனவர்கள் எந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்பதற்கெல்லாம் வேறு வழி வேண்டியிருக்கிறது.

அந்த வழி லேசுப்பட்டது இல்லை. மகளை ஒரு புளூடூத் பீக்கனை (விடாமல் சிக்னல் அனுப்பும் சின்னக் கருவி) சுவரில் ஒட்டிவிட்டு, போனை நெஞ்சருகே பிடித்து அதைப் பார்த்தபடி நிற்கச் சொல்லுங்கள், சிக்னல் அளவைக் குறிக்கட்டும், அப்புறம் நின்ற இடத்திலேயே முதுகைக் காட்டித் திரும்பட்டும். ஓர் அடிகூட நகரவில்லை, ஆனால் அளவு சட்டென்று குறையும், ஏனென்றால் புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் உள்ள நீர் உறிஞ்சிவிடுகிறது. அந்த எண்ணை அப்படியே நம்பும் புரோகிராம் அவள் தள்ளிப் போய்விட்டதாகச் சொல்லும். இந்தப் பொய்யை எப்படிச் சரிசெய்வது என்பதில்தான் மொத்தப் படிப்பும் இருக்கிறது: இடத்துக்கு இடம் சிக்னலை முன்கூட்டியே அளந்து வரைபடம் போடுவது (மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2000-லேயே ரேடார் என்ற பெயரில் இதைச் செய்து காட்டினார்கள்), கால்மன் ஃபில்டர் (பழைய கணிப்பையும் புதிய அளவையும் சேர்த்துப் பிழையைக் குறைக்கும் கணக்கு), அல்ட்ரா வைட்பேண்ட் என்ற ரேடியோ முறை. கடைசியாகச் சொன்னது அலை வந்து சேரும் நேரத்தை அளப்பது. ஒரு நானோ செகண்டு பிசகினால் 30 சென்டிமீட்டர் தப்பாகிவிடும்.

ரெடிமேட் கிட் வாங்கி மேப்பில் ஒரு புள்ளி நகர்வதைக் காட்டினால் மதிப்பெண் வரும், இன்டர்வியூவில் நிற்காது. அங்கே கேட்பது, பிழை எத்தனை மீட்டர், காலியான அறையில் எவ்வளவு, ஆட்கள் நடமாடும்போது எவ்வளவு என்பதுதான். அதை அவளே அளந்து நோட்டில் எழுதி வைக்கட்டும். சி, பைத்தான் இரண்டும் வேண்டும், நிகழ்தகவுக் கணக்கும் கட்டாயம் வேண்டும். அந்தக் கணக்கு அவளுக்கு அறவே பிடிக்கவில்லை என்றால் மட்டும் எனக்குத் திரும்ப எழுதுங்கள், அப்போது தலைப்பை மாற்றுவதைப் பற்றிப் பேசுவோம்.