தொட்டி மீன் விளையாடுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எனக்கு வழக்கமாக வருவது வெள்ளைப்புள்ளி நோய், பாசி, ஃபில்டர் பற்றிய கேள்விகள்தான். இந்த முறை மீன்களின் புத்தியையும் குணத்தையும் பற்றிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். அவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

தங்கமீனுக்கு மூன்று செகண்ட்தான் ஞாபகம் இருக்குமாம், அதனால் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்தாலும் அதற்குச் சலிக்காது என்கிறார் கடைக்காரர். உண்மையா? – விருதுநகர் வாசகி

ஞாபகமும் தப்பு, கிண்ணமும் தப்பு. 1960-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் அக்ரனாஃப் என்ற விஞ்ஞானி நினைவாற்றலை ஆராய எடுத்துக்கொண்டதே தங்கமீனைத்தான். விளக்கு எரிந்ததும் ஒரு தடுப்பைத் தாண்டி மறுபக்கம் போகாவிட்டால் மின் அதிர்ச்சி கிடைக்கும். மீன்கள் அதைக் கற்றுக்கொண்டன. சில நாள் கழித்துச் சோதித்தபோதும் மறக்கவில்லை. பயிற்சி முடிந்த கையோடு, புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தை மண்டைக்குள் செலுத்தினால் மட்டும் பாடம் நிலைக்கவில்லை. ஒரு மணி நேரம் தாமதித்துச் செலுத்தினால், பதிந்தது பதிந்ததுதான். மூன்று செகண்டில் எல்லாம் அழிந்துபோகிற பிராணியை வைத்து இப்படியொரு ஆராய்ச்சியைத் தொடங்கவே முடியாது.

2022-ல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். சக்கரம் வைத்த தொட்டி, மேலே ஒரு கேமரா. மீன் எந்தச் சுவர்ப் பக்கம் போய் வெளியே பார்க்கிறதோ, வண்டி அந்தத் திசையில் உருளும். ஆறு தங்கமீன்கள் அதை ஓட்டப் பழகி, அறையில் இருந்த வண்ணப் பலகையைப் போய்த் தொட்டு, தீவனம் வாங்கிக்கொண்டன. வேறு இடத்திலிருந்து கிளப்பிவிட்டாலும் வழி கண்டுபிடித்தன.

கிண்ணத்துக்கு வருகிறேன். தங்கமீன் அரையடிக்கு மேலும் வளரும், கழிவும் அதிகம். ஃபில்டர் இல்லாத கொஞ்சத் தண்ணீரில் அம்மோனியா ஏறி, அது வளர்வதற்குள் செத்துப்போகிறது. இத்தாலியின் மோன்சா நகரம் 2004-லேயே கிண்ணத்தில் தங்கமீன் வளர்ப்பதைத் தடை செய்தது. நம் ஊரிலும் அப்படி ஒரு தடை வர வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் ஆஸ்கார் கல்லை மூலைக்கு மூலை தூக்கிப் போடுகிறது, ஃபில்டர் குழாயைப் பிடுங்கி எறிகிறது. கோபமா, விளையாட்டா? – கோவை வாசகர்

கல்லைப் பொறுத்தவரை உடனே விளையாட்டு என்று சொல்ல மாட்டேன். ஆஸ்கார், சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. குழி பறிப்பது, முட்டையிட இடம் சுத்தம் செய்வது, எல்லை போடுவது எல்லாம் அந்தக் குடும்பத்தின் பிறவிக்குணம்.

ஆனால் மீன் விளையாடும் என்பதற்கு நல்ல சான்று அதே குடும்பத்திலிருந்துதான் கிடைத்தது. டென்னசி பல்கலைக்கழகத்தின் கார்டன் பர்கார்ட் குழுவினர் ஆப்பிரிக்காவின் டாங்கன்யீக்கா ஏரியைச் சேர்ந்த ட்ரோஃபியஸ் டுபோய்சி என்ற சிக்லிட்டில் மூன்று ஆண் மீன்களைக் கவனித்தார்கள். தொட்டியில் அடிப்பக்கம் கனமான வெப்பமானி ஒன்று நின்றது. மீன் முட்டும், அது சாய்ந்து தானாக நிமிரும், மீன் திரும்ப வந்து முட்டும். தீவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பக்கத்தில் வேறு மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடந்தது. மூன்றும் ஒரே மாதிரி முட்டவும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பாணி. பலன் எதுவும் இல்லாமல், பயமோ பசியோ இல்லாத வேளையில், ஒரு செயலைத் தானாகத் திரும்பத் திரும்பச் செய்தால் அது விளையாட்டு என்பது பர்கார்ட் வைத்த அளவுகோலின் சாரம்.

உங்கள் ஆஸ்காரையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒரு பிங்பாங் பந்தை மிதக்க விடுங்கள். முதலில் மிரண்டு ஒதுங்கும், அப்படியே விட்டுவிடுங்கள். அப்புறம் மெதுவாக மூக்கால் தட்டும். தண்ணீர் மாற்றியதும் அது ஒருக்களித்துப் படுத்து முறைத்தால் பதறாதீர்கள், மாற்றம் பிடிக்காத ஆஸ்கார் அப்படிச் செய்யும். ஒரு நாளைக்கு மேல் நீண்டால் தண்ணீரைச் சோதியுங்கள். ஓரடி வளரக்கூடிய மீன் இது, நாலடித் தொட்டிக்குக் குறைந்து வைக்காதீர்கள்.

ஃபைட்டர் மீனுக்குத் தினமும் கண்ணாடி காட்டுகிறோம். செவுளை விரித்து ஆடுவது பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. காட்டலாமா? – தஞ்சாவூர் வாசகி

அது ஆட்டம் இல்லை, சண்டைக்கு நிற்பது. கண்ணாடியில் தெரிவது தன் எல்லைக்குள் நுழைந்த இன்னொரு ஆண் என்று அது நினைக்கிறது. எதிரி ஓடுவதும் இல்லை, தோற்பதும் இல்லை. எப்போதாவது ஓரிரு நிமிடம் போதும், தினமும் வேண்டாம். கடைகளில் ஃபைட்டர் பாட்டில்களுக்கு நடுவே அட்டை செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நல்ல பழக்கம், வீட்டிலும் அப்படியே வையுங்கள். இந்த மீன் அடுத்தவர் சண்டையைக்கூட வேடிக்கை பார்த்துக் குறித்துக்கொள்ளும். யார் ஜெயித்தார் என்று பார்த்திருந்த ஃபைட்டர், பிறகு அந்த வெற்றியாளரை எதிர்கொள்ளும்போது தயங்கும் என்று 1998-லேயே காட்டியிருக்கிறார்கள்.

நான் வந்தால் மீன் மேலே வருகிறது, என் தம்பி வந்தால் வருவதில்லை. ஆள் தெரியுமா? – யாழ்ப்பாண வாசகர்

தெரிய வாய்ப்பு உண்டு. வாயால் தண்ணீர் பீச்சிப் பூச்சியை வீழ்த்தும் ஆர்ச்சர் மீனுக்கு ஒரு மனித முகத்தைப் பழக்கி, 44 புதிய முகங்களோடு கலந்து காட்டினார்கள். சராசரியாக 81 சதவீதம் சரியான முகத்தின் மீதே பீச்சியது (2016). வீட்டு மீன் முகத்தைவிட உருவத்தையும் நடையையும் நேரத்தையும் வைத்துக் கண்டுகொள்ளக்கூடும். இருவரும் ஒரே நிறச் சட்டை போட்டு, தீவன நேரம் அல்லாத வேளையில் ஒருவர் பின் ஒருவராகப் போய் நின்று பாருங்கள்.

ஒரே குட்டையில் பிறந்த கப்பிகள். ஒன்று துடுக்கு, ஒன்று பயந்தாங்கொள்ளி. ஏன்? – ஈரோடு வாசகர்

பரம்பரையும் வளர்ப்பும் மட்டுமே காரணம் இல்லை. கப்பிக்கு உறவான அமேசான் மோலியில் எல்லாமே பெண். குட்டிகள் தாயின் நகல். அப்படிப்பட்ட குட்டிகளைப் பிறந்தவுடன் பிரித்து, ஒரே மாதிரி தொட்டிகளில் தனித்தனியே வளர்த்தும், சுறுசுறுப்பில் ஒன்றுக்கொன்று வேறுபட்டன (2017).

கிளவுன் லோச் செத்ததுபோல் ஒருக்களித்துக் கிடக்கிறது. – சேலம் வாசகி

மூச்சு சீராக இருந்தால் தூங்குகிறது. அந்த வகைக்கு அது வழக்கம்.

ஃபிளவர்ஹார்ன் நாள் முழுக்கக் கண்ணாடியோரம் மேலும் கீழும் ஓடுகிறது. சந்தோஷம்தானே? – சென்னை வாசகர்

இல்லை. உங்கள் விரலைத் துரத்துவது விளையாட்டாக இருக்கலாம். யாருமே இல்லாதபோதும் ஒரே தடத்தில் ஓடினால் அது தவிப்பு. முதலில் தண்ணீரில் அம்மோனியா ஏறியிருக்கிறதா பாருங்கள். பக்கக் கண்ணாடியில் தன் பிம்பம் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் வெளியே கறுப்புத் தாள் ஒட்டுங்கள். இரண்டடித் தொட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுவாகவே இருக்கும், பெரிய தொட்டி வாங்குங்கள்.

மீனுக்கு வித்தை பழக்க முடியுமா? – திருச்சி மாணவி

தாராளமாக. தேனீ ஆராய்ச்சிக்காக 1973-ல் நோபல் பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், 1923-லேயே கண் தெரியாத ஒரு கெளுத்தியை விசில் சத்தத்துக்கு வரப் பழக்கியவர். நீங்கள் சிவப்பு மூடி ஒட்டிய குச்சியில் தொடங்குங்கள். குச்சியைத் தண்ணீரில் விடுங்கள். மீன் கிட்டே வந்தாலே ஒரே ஒரு உருண்டைத் தீவனம். அப்புறம் தொட்டால்தான் தீவனம். அது பழகியதும் ஒரு வளையத்தை நடுவில் பிடித்து, குச்சியை மறுபக்கம் காட்டி, வளையத்துக்குள் நுழைந்து வரப் பழக்குங்கள். அன்றைய தீவனத்திலிருந்தே எடுத்துக் கொடுங்கள், கூடுதலாக வேண்டாம். அடியில் விழுந்த மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள்.